ரோசாலியாவுக்கு ஒரு தபால்

மே 14, செவ்வாய்

மூன்று விமானம், ஒரு பேருந்து, நான்கு மாடிப் படிகள். கோவையில் வீட்டைப் பூட்டியதிலிருந்து இந்த அறையில் பையை இறக்கும் வரை முப்பத்தொரு மணி நேரம். சிசிலித் தீவின் பலெர்மோ. வந்துவிட்டேன்.

வீட்டுக்காரர் பெயர் தவமலர். ஐம்பதைத் தாண்டியவர். இலங்கையின் சாவகச்சேரியிலிருந்து வந்து இருபத்தெட்டு வருடமாக இந்த ஊரில் இருக்கிறார். பகலில் ஒரு முதிய இத்தாலிய அம்மாளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. மிச்சமிருக்கும் ஓர் அறையை எங்களைப் போன்ற சிக்கனப் பயணிகளுக்கு விடுகிறார். கதவைத் திறந்ததும் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“வாங்கோ ரீச்சர். ரெண்டு பேர் எண்டெல்லோ சொன்னனீங்கள்? மற்றவ கீழயே நிக்கிறா?”

“அவங்க வரல. உடம்பு சரியில்ல.”

“அச்சோ. காய்ச்சலே?”

“ஆபரேஷன். வெள்ளிக்கிழமை.”

“எங்க?”

“கோயமுத்தூர்ல” என்றேன். அவர் கேட்டது ஊரை அல்ல என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்தது. தேநீர் போடப் போனார்.

அறையில் இரண்டு கட்டில்கள். ஜன்னலோரம் சுகந்திக்கு என்று போன நவம்பரிலேயே முடிவாகியிருந்தது. நான் சுவரோரக் கட்டிலில் படுத்துக்கொள்கிறேன். பையைத் தரையில் வைத்திருக்கிறேன்.

சுகந்தியும் நானும் பல்கலைக்கழக விடுதியில் ஒரே அறையில் இருந்தவர்கள். நான் புள்ளியியல், அவள் விலங்கியல். இப்போது நான் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன், அவள் மேல்நிலைப் பள்ளியில். தவமலர் என்னை ‘ரீச்சர்’ என்பது அதனால்தான். ஐம்பது வயதுக்குள் ஒரு தடவை ஐரோப்பாவில் கடல் பார்ப்பது என்று இருபது வயதில் பேசியது. நாற்பத்தெட்டில்தான் கைகூடியது, அதுவும் பாதி. அவளுக்கு ஒரு கட்டி. திரும்பப் பணம் தராத டிக்கெட். “நீ போடி” என்று அவளே சொன்னாள். வந்தேன். இதில் எழுத வேறொன்றும் இல்லை.

மே 15, புதன்

சுகந்தி ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். பள்ளிக்கூட நோட்டு, பழுப்பு அட்டை. ஆறு மாதமாகச் சேகரித்த இடங்கள், வரிசை எண்ணோடு. பக்கத்தில் அவளுடைய குறிப்புகள். நான்காவது இடம்: “காய்ந்த பிணங்களை நிற்க வைத்திருக்கும் நிலவறை. எனக்கு வேண்டாம். கோகிக்குப் பிடிக்கும்.” கோகி நான்தான்.

முதல் இடம் பல்லரோ சந்தை. வீட்டுக்குக் கீழேயே இருக்கிறது. இங்கே யாரும் விற்பதில்லை, கத்துகிறார்கள். வாள்மீன் தலையை மூக்கு மேலே நிற்கும்படி வைத்துக்கொண்டு ஒருவர் பாட்டாகவே கத்தினார். எதிர்க்கடைக்காரர் அதற்குப் பதில் கத்தினார். மாடிகளுக்கு இடையே துணி காய்கிறது, சொட்டுகிறது. ஸ்கூட்டர்கள் மனிதர்களுக்குள் புகுந்து போகின்றன. கடலை மாவுக் கூழை மெல்லிய துண்டாக வெட்டிப் பொரித்து ரொட்டிக்குள் வைத்துக் கொடுத்தார்கள். பஜ்ஜி மாவு பஜ்ஜி ஆகாமலே பொரிந்தது போல இருந்தது. மதியத்துக்கும் அதுவே.

பதினோரு படங்கள் எடுத்து சுகந்திக்கு அனுப்பினேன். போய்ச் சேர்ந்தன. பார்க்கவில்லை.

இரண்டாவது இடம், நாற்சந்திச் சதுக்கம். பார்த்தேன். மூன்றாவது, பொம்மலாட்ட அரங்கு. பூட்டியிருந்தது. இன்று நடந்தது இருபத்தோராயிரம் அடி என்று செல்பேசி காட்டுகிறது. எங்கும் உட்காரப் பிடிக்கவில்லை.

சாப்பிடும்போது தவமலர் மலையைப் பற்றிச் சொன்னார். நகரத்தின் ஓரத்தில் கடலைப் பார்த்து நிற்கும் மலை. மேலே ஒரு குகை, குகைக்குள் சாந்தா ரோசாலியா, இந்த ஊரின் புனிதை. நானூறு வருடத்துக்கு முன்னால் கொள்ளைநோயை நிறுத்தியதாக நம்பிக்கை. ஞாயிற்றுக்கிழமை காலையில் இங்குள்ள நம் ஆட்கள், சைவ சமயத்தவர்களும்தான், கால்நடையாக ஏறுகிறார்கள். தவமலர் அநேகமாக ஒரு வாரமும் விட்டதில்லை.

“தமிழ்லயா வேண்டிக்குவீங்க?” என்று கேட்டேன். கொஞ்சம் கிண்டலாகத்தான்.

“ஏன், அவவுக்கு விளங்காது எண்டு நினைக்கிறியளே? முப்பது வருசமா நாங்கள் போய்க் கதைக்கிறம். இவ்வளவுக்கு அவ பழகியிருப்பா.”

மே 16, வியாழன்

மொண்டெல்லோ கடற்கரை. ஆறாவது இடம், ஆனாலும் வெயில் நன்றாக இருந்ததால் முன்னே இழுத்துக்கொண்டேன். பேருந்தில் நின்றுகொண்டே போனேன். தண்ணீர் அவள் நோட்டில் எழுதியிருந்த நிறத்தில்தான் இருந்தது. மயில் கழுத்து. அந்த நிறத்தில் அவளிடம் ஒரு புடவை உண்டு.

என் வயதைத் தாண்டிய பெண்கள் நீச்சல் உடையில், மடிப்புகளையும் தழும்புகளையும் பற்றிய எந்தக் கூச்சமும் இல்லாமல், மணலில் நின்று சண்டை போடுவதுபோலப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கணுக்கால் வரை நனைந்தேன். முழுதாக இரண்டு மணி நேரம் இருப்பதாகத் திட்டம். இருபது நிமிடத்தில் அடுத்த பேருந்து நிறுத்தத்தில் நின்றேன்.

சுகந்தியின் கணவர் மனோகரன் அழைத்தார். “அட்மிஷன் போட்டாச்சுங்க. நாளைக்குப் பதினொரு மணிக்கு உள்ள கூட்டிட்டுப் போறாங்க. நீங்க கவலப்படாம சுத்திப் பாருங்க.”

“அவகிட்டக் குடுங்களேன்.”

பின்னால் ஏதோ பேச்சுச் சத்தம். “தூங்கறாளுங்க” என்றார்.

இங்கே காலை பத்தரை. அங்கே மதியம் இரண்டு மணி. மதியத்தில் தூங்குகிறவள் இல்லை அவள். மருந்தாக இருக்கலாம்.

பத்தில் எட்டுக் கட்டிகள் ஒன்றுமில்லாதவை. இதை இங்கே எழுதி வைக்கிறேன், ஏனென்றால் அது சரியான எண். பாடப்புத்தகத்தில் இருக்கிறது. பத்தில் இரண்டு என்பதும் அதே வாக்கியத்தில்தான் இருக்கிறது. ஒருத்தி அந்த இரண்டுக்குள் விழுந்துவிட்டால் எண் பொய்யாகிவிடாது.

மே 17, வெள்ளி

காலை 7.30. அங்கே பதினொன்று.

8.15. துறைமுகம். நேப்பிள்ஸிலிருந்து வந்த கப்பல் லாரிகளை ஒவ்வொன்றாக வெளியே விட்டது. நாற்பத்து மூன்று லாரிகள்.

9.40. நான்காவது இடம். நிலவறை. வாசல் வரை போனேன். உள்ளே போவதற்கு ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டு வரிசையில் நின்றது. திரும்பிவிட்டேன். எனக்குப் பிடிக்கும் என்று அவள் எழுதியது தவறு.

11.05. எந்தத் தெருவில் நிற்கிறேன் என்று தெரியவில்லை. கீழே இறங்கினால் கடல் வரும்.

12.20. மனோகரன்: “முடிஞ்சுதுங்க. கண்ணு முழிச்சுட்டா.”

பிற்பகல்

வீட்டுக்கு வந்து அவரை அழைத்தேன். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நின்று பேசினார். முழுவதும் எடுத்துவிட்டார்களாம். கக்கத்திலும் கொஞ்சம். டிசம்பரிலேயே வந்திருந்தால் கட்டியை மட்டும் எடுத்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம்.

“நீங்க சொன்னாச் சரியா இருக்கும்னுதானுங்க அவ மார்கழில இருந்து பேசாம இருந்தா. நான்கூடச் சொன்னேன், ஒருக்கா காட்டிட்டு வந்தரலாம்னு. கோகிலா படிச்சவ, அவளுக்குத் தெரியாததான்னு என்னயச் சத்தம் போட்டா.”

அவர் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்கிற மனிதர் இல்லை.

டிசம்பரில் நடந்தது இவ்வளவுதான். ஒரு சனிக்கிழமை சுகந்தி என் வீட்டுக்கு வந்தாள். என் கையைப் பிடித்துத் தன் மேல் வைத்து, “இங்க பாருடி, கோலிக்குண்டு மாதிரி” என்றாள். நான் கையை எடுத்துக்கொண்டேன். பத்தில் எட்டு என்று சொன்னேன். டெஸ்ட், ஸ்கேன் என்று போனால் ஒன்றிலிருந்து ஒன்று இழுத்துவிடுவார்கள், மே மாதம் போய்விட்டு வந்து நிதானமாகப் பார்க்கலாம், டிக்கெட் திரும்பாது என்றும் சொன்னேன். அவள் சரி என்றாள். இரண்டு பேரும் சேர்ந்து விசா படிவம் நிரப்பினோம். ஏப்ரலில் கட்டி பெரிதானபோதுதான் அவள் டாக்டரிடம் போனாள்.

தவமலர் வேலையிலிருந்து வந்தபோது நான் சமையலறையில் அவருடைய பாத்திரங்களை எல்லாம் எடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். சுத்தமாக இருந்த பாத்திரங்கள். துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

மே 18, சனி

சுகந்திக்கு அனுப்பிய படங்களை யாரோ பார்த்திருக்கிறார்கள். நீலக் குறி. பதில் இல்லை.

நோட்டில் ஐந்தாவது இடம், தாவரத் தோட்டம். போனேன். பெரிய ஆலமரம் ஒன்று விழுதுகளோடு நிற்கிறது. இவ்வளவு தூரம் வந்து ஆலமரம் பார்த்தேன். வேறு குறிப்பு இல்லை.

மாலையில் தவமலர் முழங்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த இத்தாலிய அம்மாளைத் தூக்கும்போது கால் பிசகிவிட்டதாம்.

“ரீச்சர், நாளைக்கு என்னால ஏறேலாது. நீங்கள் ஒருக்கால் மலைக்குப் போட்டு வாறியளே?”

“எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்ல.”

“உங்களை ஆர் நம்பச் சொன்னது? பூவும் மெழுகுதிரியும் தாறன். கொண்டுபோய்க் குடுக்கிறதுதான் உங்கட வேலை. தபால்காரர் கடிதத்தை வாசிக்கிறவரே?”

நாளை ஒரு முழு நாள் முன்னால் கிடந்தது, அதை எங்காவது நடந்து தீர்க்க வேண்டியிருந்தது. சரி என்றேன்.

ஒரு துணிப்பையைக் கொடுத்தார். உள்ளே மல்லிகை மாலை, இரண்டு மெழுகுத்திரி, அடியில் மெல்லிய காகிதத்தில் சுற்றிய ஏதோ ஒன்று. பிரித்தேன். உள்ளங்கை அளவு வெள்ளித் தகடு. நம் ஊரில் மாரியம்மன் கோயில் வாசலில் கண், கை, கால் என்று விற்பார்களே, அதே போல. இது மார்பு.

“அது உங்கட சிநேகிதிக்கு. தேவாலயத்துக்குப் பக்கத்துக் கடையில வாங்கினனான்.”

“நான் எங்கேன்னு உங்ககிட்டச் சொல்லவே இல்லையே.”

“சொல்லேல்லைத்தான். கால் எண்டால் கால் எண்டு சொல்லியிருப்பியள். வயிறு எண்டாலும் சொல்லியிருப்பியள். எங்கட ஆக்கள் இது ஒண்டுக்குத்தானே ஊரின்ட பேரைச் சொல்லுறது.”

நாற்பத்தெட்டு வயது, இரண்டு பட்டங்கள். இந்த நாட்குறிப்பில் ஐந்து நாளாக ‘கட்டி’ என்றும் ‘தன் மேல்’ என்றும்தான் எழுதியிருக்கிறேன். திருப்பிப் பார்த்தேன்.

“குணமான பிறகுதானே இதக் குடுக்கணும்?” என்று மட்டும் கேட்டேன்.

“இத்தாலிக்காரர் பிறகுதான் குடுப்பினம். நாங்கள் முதலே குடுத்திடுவம். வாங்கி வைச்சிட்டுச் செய்யாமல் விட அவவுக்கு வெக்கமாயிருக்கும் பாருங்கோ.”

மே 19, ஞாயிறு

காலை ஏழரைக்குக் கிளம்பினேன். மலையடிவாரத்திலிருந்து பழைய கல்பாதை வளைந்து வளைந்து ஏறுகிறது. எனக்கு முன்னால் பட்டுப்புடவை கட்டிய ஐந்தாறு பெண்கள், செருப்பில்லாமல். அவர்களோடு ஜீன்ஸ் போட்ட மகள்கள், தங்களுக்குள் இத்தாலிய மொழியிலும் அம்மாக்களோடு தமிழிலும் சண்டை போட்டபடி. ஒரு பெண் என் பையைப் பார்த்து, “தவமலர் அக்காட பையெல்லோ இது? அக்கா வரேல்லையே?” என்று கேட்டாள். கால் பிசகியதைச் சொன்னேன். “அப்ப நீங்கள் அவவின்ட ஆள்” என்று தண்ணீர்ப் புட்டியை நீட்டினாள்.

ஒன்றே கால் மணி நேரம். மேலே மலை முகப்பில் ஒட்டவைத்தது போல ஒரு தேவாலய வாசல், அதற்குள் குகை. கூரைப் பாறையிலிருந்து நீர் சொட்டுகிறது. அதைப் பிடித்துச் சுவர் ஓரமாக இறக்க, தகரத் தகடுகளை ஓடை போல வளைத்து வளைத்துப் பொருத்தியிருக்கிறார்கள். எங்கும் சொட்டும் சத்தம். கண்ணாடிக்குப் பின்னால் படுத்திருக்கும் சிலைக்குப் பொன்னாடை. சுவரில் வெள்ளித் தகடுகள். கைகள், கால்கள், கண்கள், இதயங்கள், மார்புகள். வரிசை வரிசையாக.

என் மூளை அதன் வழக்கமான வேலையைச் செய்தது. இங்கே தொங்குவதில் பெரும்பாலானவை பிழைத்தவர்களின் தகடுகள். பிழைக்காதவர்கள் யாரும் வந்து மாட்டவில்லை. இந்தச் சுவரைப் பார்த்து எதையும் முடிவு செய்யக் கூடாது. முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு நான் நடத்தும் பாடம் இது: யாரை எண்ணினீர்கள், யாரை விட்டீர்கள் என்று முதலில் கேள்.

அங்கேயே நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

பூவையும் மெழுகுத்திரியையும் கொடுத்தேன். தகட்டைக் கொடுக்கவில்லை. வெளியே வந்து கடல் தெரியும் மதில் ஓரம் நின்றபோது செல்பேசி அடித்தது. சுகந்தி.

“ஏன்டி, எங்க இருக்கே?” குரல் சன்னமாக இருந்தது.

“மலை மேல.”

“நோட்டுல மலையே இல்லையே.”

“இல்ல. வேற ஒருத்தங்க அனுப்புனாங்க. வலிக்குதா?”

“வலிக்காமயா. இடது கையத் தூக்க முடியல. மனோ எனக்குத் தல சீவி உட்டாரு பாரு, கோழி கிளறுன மாதிரி இருக்குது.”

நான் பேசினேன். ஒத்திகை பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். “சுகந்தி, நான் பத்துல எட்டுன்னு சொன்னேனே. அது எல்லா வயசுப் பொண்ணுங்களையும் சேர்த்துச் சொல்ற எண்ணு. இருபது வயசுக்காரியும் அதுல இருக்கா. நம்ம வயசுக்குத் தனி எண்ணு இருக்கு. அது அவ்வளவு நல்லா இல்ல. எனக்கு அன்னிக்கே தெரியும்.”

அங்கே ஏதோ வண்டி உருளும் சத்தம்.

“தெரிஞ்சேவா சொன்னே?”

“தெரிஞ்சே.”

“டிக்கெட்டுக்காகவா?”

இல்லை என்று சொல்ல நினைத்தேன். பயத்துக்காக என்று சொல்ல நினைத்தேன். என் கை அந்தக் கோலிக்குண்டைத் தொட்ட பயம். இரண்டும் கலந்துதான் இருந்தது.

“அதுக்காகவும்” என்றேன்.

“நான் அன்னிக்கு ராத்திரியே நெட்டுல பாத்துட்டேன்டி. நீ தப்பாச் சொல்றேன்னு தெரிஞ்சுது. ஆனா நீ சொன்னதுதான் கேக்கறதுக்கு நல்லா இருந்துச்சு.” மூச்சு வாங்கினாள். “அதுக்குன்னு கோவம் இல்லாம இல்ல. இருக்குது. இப்போதைக்குப் போவாது. ரெண்டு நாளா உன் போட்டோவெல்லாம் பாத்துப் பாத்துத்தான் வஞ்சுட்டுக் கெடந்தேன்.”

“சரி.”

“என்ன சரி? எங்கிட்டயும் லெக்சரர் மாதிரியே பேசு. அதென்ன உன் கையில பை?”

வீடியோவுக்கு அவள் மாற்றியதை நான் கவனிக்கவில்லை. தலையணையில் சாய்ந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது. முடி நிஜமாகவே கோழி கிளறினதுபோல இருந்தது. தகட்டை எடுத்துக் காட்டினேன். தவமலரைப் பற்றி, தபால்காரர் பற்றி, சொல்லாமலே கண்டுபிடித்ததைப் பற்றி எல்லாம் சொன்னேன்.

சுகந்தி சிரிக்க ஆரம்பித்தாள், உடனே முகத்தைச் சுளித்தாள். “சிரிக்க வெக்காதடி, தையல் இழுக்குது.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அத எதுக்குத் திருப்பி எடுத்துட்டு வர்றே? அங்கயே வெச்சுட்டு வா. இங்கதான் ஒண்ணு போயிருச்சு, அங்கயாவது ஒண்ணு இருக்கட்டும்.”

எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது.

“கோகி, அடுத்த மாசம் மருந்து ஏத்தறாங்களாம். முடி கொட்டிருமாம். முடி இருக்கற வரைக்கும் வந்து பின்னி உடு.”

மறுபடி உள்ளே போனேன். மாலையின் மிச்ச நூல் பையில் கிடந்தது. கம்பித் தடுப்பில், வேறு பலர் கட்டியிருந்தவற்றுக்கு நடுவில், தகட்டைக் கட்டினேன். இரண்டு முடிச்சு. எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை. அவிழாமல் இருக்கிறதா என்று ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன்.

இறங்கும்போது பேருந்து இருந்தது. நடந்தே வந்தேன்.

தவமலர் கதவுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“கும்பிட்டனீங்களோ?”

“இல்ல. தபாலைக் குடுத்துட்டேன்.”

“அப்ப சரி. சாப்பிட வாங்கோ.”

மே 20, திங்கள்

டிக்கெட்டை மாற்றிவிட்டேன். பணம் திரும்பாத டிக்கெட்டுக்கும் தேதியை மாற்ற ஒரு வழி இருந்திருக்கிறது, அதைத் தேடத்தான் இல்லை. நாளை மாலை விமானம். நோட்டில் ஐந்து இடங்கள் பாக்கி. அவளிடம் அப்படியே கொடுப்பேன்.

பையை ஜன்னலோரக் கட்டிலில் வைத்துக் கட்டினேன்.

பல்லரோவில் ஒரு சீப்பு வாங்கினேன். கடைக்காரர் மெல்லிய பல் சீப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிக் கத்தினார். நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில் அகலப் பல் சீப்பை எடுத்துக் கொடுத்தார். சுகந்தியின் முடி இடுப்பு வரை, அடர்த்தி. மெல்லிய பல் ஆகாது. இப்போதைக்கு ஆகாது.